பழைய பெரிய எஸ்யூவியில் முன் பிரேக் பேட், டிஸ்க் மாற்றுவது எப்படி?

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய எஸ்யூவியில் புது பிரேக் பேட் மாட்டிய சில மாதத்திலேயே ஒரு பக்கப் பேட் மட்டும் தேய்ந்துபோகும். இல்லையென்றால் பெடலை மிதிக்கும்போது ஸ்டியரிங் ஆடத் தொடங்கும். உடனே பேட் மட்டமானது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் காரணம் இறுகிப்போன ஸ்லைடு பின்னும் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் இதன்மேல்தான் சறுக்கும்), ஹப்பில், அதாவது சக்கரமும் டிஸ்க்கும் பொருந்தும் நடுப்பாகத்தில், படிந்த துருவும்தான். பேட்டைக் கழற்றி மாட்ட அதிக நேரம் ஆகாது. சுத்தம் செய்வதில்தான் பாதி நாள் போகும், போகவும் வேண்டும்.

முதலில் உங்கள் வண்டியின் அமைப்பைப் பாருங்கள். இந்தச் செய்முறை, 2000க்குப் பிந்தைய செவர்லே தாஹோவில் இருப்பதுபோல் சறுக்கும் காலிப்பரும், வீல் போல்ட்டுகளின் மேல் செருகி நிற்கும் டிஸ்க்கும் உள்ள வண்டிகளுக்கானது. டொயோட்டா லேண்ட் குரூசர் 80 போன்றவற்றில் டிஸ்க், ஹப்பின் பின்பக்கம் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அதை எடுக்க வீல் பேரிங்கையே பிரிக்க வேண்டும். முதல் தடவை செய்பவர்கள் அதில் பேட் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தேவையானவை: 3 டன் ஜாக், இரண்டு ஜாக் ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச், ஆறுமுக சாக்கெட் செட், பெரிய சி-கிளாம்ப், கம்பி பிரஷ், உப்புத்தாள், துரு இளக்கும் எண்ணெய், பிரேக் கிளீனர், சிலிக்கோன் பிரேக் கிரீஸ், பேட் கிளிப் செட், பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் குறிப்பிட்ட ரக ஆயில். பேட்டும் டிஸ்க்கும் எப்போதும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

1. தூக்கி நிறுத்துதல்

சமதளமான கான்கிரீட் தரை வேண்டும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். தானாக உயரத்தைச் சரிசெய்யும் ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். பிறகு கையேடு காட்டும் இடத்தில் ஜாக் வைத்துத் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டுகளை வையுங்கள். வண்டியின் எடை இரண்டரை டன் அளவில் இருக்கும். ஜாக்கை மட்டும் நம்பி ஒரு கையைக்கூட உள்ளே நீட்டாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள். மாட்டும்போது எது எங்கே இருந்தது என்ற சந்தேகம் கட்டாயம் வரும். அப்போது பிரிக்காத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

2. காலிப்பரைக் கழற்றுதல்

ஸ்லைடு பின் போல்ட் இரண்டையும் கழற்றி, காலிப்பரைத் தூக்கி, கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். ரப்பர் ஹோஸின் மேல் அதன் எடை விழக்கூடாது. விழுந்தால் ஹோஸ் உள்ளே கிழியும், வெளியே தெரியாது.

பழைய பேட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் ஸ்லைடு பின்னோ, பேட்டைத் தள்ளும் பிஸ்டனோ இறுகியிருக்கிறது என்று அர்த்தம். ஒரே பேட் சாய்வாகத் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஒரு பின் மட்டும் சிக்கியிருக்கும், அல்லது பேட்டின் காது (ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முனை) அதைத் தாங்கும் பிராக்கெட்டில் இறுகியிருக்கும். கோளாறு எங்கே என்று பழைய பேட்டே சொல்லிவிடும், அதனால் உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

3. பிஸ்டனை உள்ளே தள்ளுதல்

காலிப்பரில் ஆயிலையும் காற்றையும் வெளியேற்ற இருக்கும் சிறு திருகான பிளீடர் நிப்பிளில் ஒரு டியூபைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலில் விடுங்கள். நிப்பிளைக் கால் சுற்று திறந்து, பழைய பேட் ஒன்றை இரண்டு பிஸ்டனுக்கும் குறுக்கே வைத்து, சி-கிளாம்ப்பால் மெல்ல அழுத்துங்கள். ஒன்றை மட்டும் தள்ளினால் மற்றது வெளியே வந்துவிடும். அழுத்தம் குறைவதற்குள் நிப்பிளை மூடிவிடுங்கள், இல்லையென்றால் காற்று உள்ளே போகும். பழைய அழுக்கு ஆயில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பக்கம் திரும்பாமல் வெளியேறுவது இந்த முறையின் நன்மை.

நிப்பிள் அசையவில்லை என்றால் துரு இளக்கும் எண்ணெயில் ஊறவிடுங்கள். அப்போதும் வராவிட்டால் பலம் காட்ட வேண்டாம், அது முறிந்துவிடும். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, ஆயில் மட்டத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, நிப்பிளைத் திறக்காமலே தள்ளுங்கள்.

இங்கே ஒரு சோதனையும் செய்துவிடலாம். நிப்பிள் மூடியிருக்கும்போது அசையாத பிஸ்டன், திறந்ததும் சுலபமாக உள்ளே போனால், ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கிறது. ஹோஸை மாற்றியே ஆக வேண்டும். திறந்தும் போகவில்லை என்றால் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது, காலிப்பரை மாற்றுங்கள்.

4. டிஸ்க்கும் ஹப்பும்

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் பிராக்கெட்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளும் கைக்கு எட்டும். அவற்றைக் கழற்றியதும் டிஸ்க் வரவேண்டும். துருவில் ஒட்டியிருந்தால், மாற்றப்போகும் டிஸ்க்கைச் சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள். டிஸ்க்கின் முகத்தில் மரையிட்ட துளைகள் இருந்தால் பொருத்தமான போல்ட்டுகளை மாறி மாறி இறுக்கினால் தானாகக் கழன்று வரும்.

பழைய டிஸ்க் இன்னும் தாங்குமா என்று பார்க்க விரும்புகிறவர்கள், அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனோடு ஒப்பிடலாம். விளிம்பில் தேயாமல் நிற்கும் வரம்பின்மேல் வெர்னியரை வைத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நாணயம் வைத்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துவிடுங்கள்.

இனி ஹப். கம்பி பிரஷும் உப்புத்தாளும் கொண்டு, போல்ட்டுகளைச் சுற்றிலும் நடு வளையத்திலும் பளபளப்பான இரும்பு தெரியும்வரை தேயுங்கள். காகிதத்தின் தடிமன் அளவுக்குத் துரு இருந்தாலும், டிஸ்க்கின் விளிம்பில் அந்தச் சாய்வு பெரிதாகிவிடும். டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் பேட்டை ஒரே இடத்தில் உரசும், தடிமன் ஏற்றத்தாழ்வாகும், சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து ஸ்டியரிங் ஆடும். உடனே தெரியாது என்பதால்தான் பலர் இதைத் தவிர்க்கிறார்கள்.

புது டிஸ்க்கின் மேல் துருத்தடுப்பு எண்ணெய் பூசியிருப்பார்கள். இரண்டு முகத்தையும் பிரேக் கிளீனரால் கழுவாமல் மாட்டினால் புது பேட் எண்ணெயை உறிஞ்சிக் கெட்டுவிடும்.

5. ஸ்லைடு பின்னும் பிராக்கெட்டும்

இரண்டு ஸ்லைடு பின்னையும் உருவுங்கள். பல வண்டிகளில் ஒரு பின்னின் நுனியில் ரப்பர் உறை இருக்கும். எது மேலே, எது கீழே என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய கிரீஸைத் துடைத்துச் சிலிக்கோன் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். சாதாரண வண்டிக் கிரீஸ் ரப்பரை வீங்க வைத்துவிடும். சிலிக்கோன் கிரீஸையே அப்பி வைத்தாலும் தப்புதான். உள்ளே அடைபட்ட காற்று ஸ்லைடு பின்னை வெளியே தள்ளும். விரலால் தள்ளினாலே பின் போய்வர வேண்டும்.

பிராக்கெட்டில் எஃகுக் கிளிப்புகளைக் கழற்றி, அடியில் உள்ள துருவை அரத்தால் ராவி எடுங்கள். துரு தடித்து கிளிப்பைத் தூக்கும்போதுதான் பேட்டின் காது சிக்குகிறது. புது கிளிப் போட்டபின் பேட் கையால் வழுக்கிப் போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் இன்னும் துரு பாக்கி இருக்கிறது.

6. மாட்டுதல்

பிராக்கெட், பேட், காலிப்பர் என்ற வரிசையில் மாட்டி, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். தேய்மான எச்சரிக்கைத் தகடு உள்ள பேட் பழையது இருந்த இடத்திலேயே வர வேண்டும். வீல் நட்டுகளை நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். தாஹோவில் இது 190 நியூட்டன் மீட்டர். சீரற்ற இறுக்கமும் டிஸ்க்கைக் கோணவைக்கும்.

வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. பிறகு ஆயில் மட்டத்தைப் பாருங்கள். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் காற்று புகுந்திருக்கிறது, பிளீட் செய்யாமல், அதாவது அந்தக் காற்றை வெளியேற்றாமல், ஓட்டக்கூடாது. பெயிண்டில் சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

7. பேட்டைப் பழக்குதல்

காலியான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, நடுத்தர அழுத்தத்தில் எட்டுப் பத்து தடவை வேகத்தைக் குறையுங்கள். முழுதாக நிறுத்தாதீர்கள். சூடான பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் டிஸ்க்கில் தடம் பதியும். பிறகு ஐந்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள்.

மேம்படுத்த நினைப்பவர்களுக்கு: டிரெய்லர் இழுப்பவர்கள் செமி மெட்டாலிக் பேட் போடலாம். நகருக்குள் மட்டும் ஓட்டினால் செராமிக்கில் தூசியும் சத்தமும் குறைவு. துளையிட்ட டிஸ்க் இந்த எடைக்கு வேண்டாம், துளையிலிருந்து விரிசல் விடும்.

முதல் 80 கிலோமீட்டர் கழித்து வீல் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். வேலை முடிந்த அன்றே சாதாரணமாகப் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இரண்டு முன் சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்தப் பக்கப் பேட் டிஸ்க்கை விடவில்லை, ஐந்தாவது படிக்குத் திரும்புங்கள்.