காவிரி டெல்டாவுக்கு முதுகலை ப்ராஜெக்ட் செய்ய வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் ஆய்வுப் பண்ணைக்கு முதுகலை மாணவர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். தாவரவியல், விலங்கியல், சுற்றுச்சூழல் அறிவியல், உயிர்த்தொழில்நுட்பம், சில வருடங்களில் பொருளாதாரமும் சமூகப்பணியும். எல்லோருக்கும் நான்காவது செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு ஓர் இடம் வேண்டும். நாங்கள் படித்த காலத்தில் செய்த அதே தவறுகளை இந்த வருடம் வந்தவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கடிதத்தில் எழுத்துப்பிழை, பெயரை மாற்றாமல் பத்து இடத்துக்கு ஒரே மெயில் அனுப்புவது போன்றவற்றை உங்கள் கைடே சொல்லித் திருத்திவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தலைப்பை முடிவு செய்துவிட்டு அப்புறம் பருவத்தை விசாரிப்பது

இருப்பதிலேயே பெரிய இழப்பைத் தரும் தவறு இதுதான். மற்ற எதையும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்துவிடுவேன். இதைப் பார்த்தால் மட்டும் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஊரில் யாராவது ஒரு விவசாயிக்கு ஒரு போன் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி வந்தார். நாற்றின் வயதுக்கும் தூர் கட்டுவதற்கும் (அடியிலிருந்து கிளை வெடிப்பது) என்ன தொடர்பு என்பது அவருடைய தலைப்பு. நல்ல கேள்வி, படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். துறைக் குழு நவம்பரிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டது. அவர் வந்தது ஜனவரி கடைசி வாரம். சம்பா (செப்டம்பரில் நட்டு ஜனவரியில் அறுக்கும் பருவம்) வயல்களில் கதிர் சாய்ந்து நின்றது. நான் அழைத்துப் போன விவசாயி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “என்னம்மா, தண்ணிய வடிச்சிட்டு மெஷினுக்குச் சொல்லி வச்சிருக்கோம், இப்ப வந்து நாத்து கேக்குற?” என்றார்.

தலைப்பை மாற்றலாம் என்றேன். குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது, மறுபடி கேட்க முடியாது என்று துறையில் சொல்லிவிட்டார்கள். போர்வெல் வைத்துக் கோடை நெல் போடும் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். பிப்ரவரி நடுவில் நடவு. தூர் எண்ணிக்கை கிடைத்தது. கதிர் வருவதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய தேதி வந்துவிட்டது. தூர் அதிகமானால் மகசூல் அதிகமானதா என்பதுதான் வைவாவில் கேட்ட முதல் கேள்வி. அதற்கான அத்தியாயமே அவரிடம் இல்லை. அடுத்த பேட்சோடு சேர்ந்து சமர்ப்பிக்க வேண்டியதாயிற்று. அந்த வருட முனைவர் பட்டச் சேர்க்கை கைவிட்டுப் போனது. திறமையான பெண். ஒரு வருடம் வீணாய்ப் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு செமஸ்டருக்கு வேலை நாள் ஏறக்குறைய 90. குறுவைக்கு (ஜூனில் தொடங்கும் குறுகிய பருவம்) போடும் ஆடுதுறை 43 போன்ற குறுகிய கால ரகமே விதையிலிருந்து அறுவடை வரை 110 நாள் எடுக்கும். சம்பாவுக்குப் போடும் சி.ஆர். 1009 ஐந்து மாதத்துக்கு மேல். அப்படியென்றால், விடுமுறை நாட்களைச் சேர்த்தாலும், எழுத நேரம் விட்டுப் பார்த்தால் ஒரு நெல் பயிரின் முழு வாழ்க்கை எந்த செமஸ்டருக்குள்ளும் அடங்காது. நான்காவது செமஸ்டரில் ஆற்றுப் பாசனத்தில் அதைத் தொடங்கவே முடியாது, ஏனென்றால் ஆற்றில் தண்ணீர் இருக்காது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவதுதான் வழக்கம்.

அந்த ஜூன் 12-ஐயும் அப்படியே நம்பித் திட்டம் போடாதீர்கள். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024-இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை, போர்வெல் இருந்தவர்கள்தான் குறுவை செய்தார்கள். திறந்த பிறகும் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் நாள் பிடிக்கும். முறைப்பாசனம் (முறை வைத்துத் தண்ணீர் விடுவது) வைத்தால் மேலும் தள்ளிப் போகும். திருவையாறில் நடவு முடிந்த அன்றைக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நேரடி விதைப்பு செய்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு ஊரையும் ஒப்பிடுவதாகத் தலைப்பு எழுதியவர் இரண்டுக்கும் ஒரே வாரத்தில் போனால், பயிரின் வயது வித்தியாசத்தைத்தான் அளந்துகொண்டு வருவார்.

பயிர் மட்டும் இல்லை, மண்ணும் பருவத்துக்குப் பருவம் மாறும். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் உப்புத்தன்மை பார்க்க வந்த ஒரு மாணவர் ஜனவரி தொடக்கத்தில் ஒரே நாளில் எல்லா மாதிரியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மின்கடத்துதிறன் (மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) எல்லாம் குறைவாக வந்தது. அந்தக் கிராமங்களில் உவர் பிரச்சினை இல்லை என்று முடிவுரையும் எழுதிவிட்டார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்த வடகிழக்குப் பருவமழை உப்பைக் கரைத்துக் கீழே இறக்கியிருந்தது, அவ்வளவுதான். அதே வயலுக்கு ஏப்ரல் மே மாதத்தில் போனால் வெயிலில் நீர் ஆவியாகி உப்பை மேலே இழுத்துக்கொண்டு வந்திருக்கும், தரை வெள்ளை பூத்துக் கிடக்கும். அவர் அளந்த எண்ணில் பிழை இல்லை. முடிவுதான் முழுக்கத் தவறு. அந்த ஊர்க்காரர் யாராவது அதைப் படித்தால் என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, நெல்லைத்தான் ஆராய வேண்டும் என்றால் மூன்றாவது செமஸ்டரிலேயே வயலில் இறங்குங்கள். ஜூலையில் கல்லூரி தொடங்கும்போது குறுவை வயலில் நிற்கும். செப்டம்பரில் சம்பா நடவு, அக்டோபர் நவம்பரில் தாளடி (குறுவை அறுத்த வயலில் போடும் அடுத்த நெல்) நடவு. வகுப்பு இருந்தாலும் சனி, ஞாயிறில் வந்து தரவு எடுக்கலாம். ஜனவரியில் சம்பா அறுவடை, மகசூல் கணக்கு. பிப்ரவரி முதல் ஆய்வகமும் எழுத்தும். இதற்குக் கைடிடம் மே மாதத்திலேயே பேசிவிட வேண்டும்.

இரண்டு, ஜனவரி முதல் ஏப்ரல் வரை வயலில் எது இருக்கிறதோ அதிலிருந்து தலைப்பை எடுங்கள். இருப்பது குறைவு என்று நினைக்காதீர்கள். நெல் தரிசு உளுந்தும் பச்சைப்பயறும் டெல்டாவின் சிறப்பு. அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கிற நெல்லுக்குள்ளேயே விதைத்துவிடுவார்கள். ஏறக்குறைய 70 நாளில் காய் வந்துவிடும், உங்கள் செமஸ்டருக்குள் விதைப்பு முதல் அறுவடை வரை முடிகிற பயிர் இது. வேர் முடிச்சு, மஞ்சள் தேமல் நோய், மெஷின் ஏறி இறங்கிய இடத்தில் முளைப்பு எப்படி என்று கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. நேரடி கொள்முதல் நிலையங்களில் நெல் குவிந்து கிடக்கும் காலமும் இதுதான். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் என்ன ஆகிறது என்பதைப் பொருளாதார மாணவரும் ஆராயலாம், உணவுத் தொழில்நுட்ப மாணவரும் ஆராயலாம். கோடையில் நிலத்தடி நீர், மண்ணில் ஏறும் உப்பு, வைக்கோல் மேலாண்மை என்று இன்னும் எவ்வளவோ இருக்கின்றன.

இடம் கேட்கும்போதும் இதையே மனதில் வையுங்கள். ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. காட்டுத்தோட்டத்தில் மண்ணும் நீரும், வம்பனில் பயறு, தஞ்சாவூர் நிஃப்டெம் நிறுவனத்தில் அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பம். ஜனவரியில் சேர வேண்டுமானால் ஆகஸ்டிலேயே எழுதுங்கள். “எந்தத் தலைப்பானாலும் சரி” என்று எழுதாமல், “நான் இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை இருப்பேன், அந்த நாட்களில் உங்கள் வயலில் என்ன நிற்கும்?” என்று கேளுங்கள். அப்படி ஒரு கடிதம் வந்தால் நான் அன்றைக்கே பதில் எழுதிவிடுவேன்.

மாவையும் மூட்டையையும் கேட்காமல் எழுதிக்கொள்வது

எங்கள் பக்கம் பெரியவர்கள் ஏக்கரில் பேசமாட்டார்கள். நூறு குழி ஒரு மா, மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. இது மாணவர்களுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடும். மூட்டையில்தான் மாட்டிக்கொள்வார்கள். விவசாயி வாயில் மூட்டை என்றால் பெரும்பாலும் 60 கிலோ. கொள்முதல் நிலையத்தில் பிடிப்பது 40 கிலோ சிப்பம். “மாவுக்குப் பத்து மூட்டை” என்று ஒருவர் சொன்னால் 60 கிலோ கணக்கில் ஏக்கருக்கு 1,800 கிலோ, 40 கிலோ கணக்கில் 1,200 கிலோ. ஹெக்டேருக்கு மாற்றும்போது ஒன்று நாலரை டன்னுக்குப் பக்கத்தில் வரும், இன்னொன்று மூன்று டன்னிலேயே நின்றுவிடும். ஒவ்வொருவரிடமும் “எத்தனை கிலோ மூட்டைங்க ஐயா?” என்று கேட்டு, படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் போட்டு எழுதுங்கள்.

யார் என்று சொல்லாமல் படிவத்தை நீட்டுவது

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு கடலோர ஊர்களில் கையில் பேப்பரோடு வருகிறவர் என்றால் சேதம் கணக்கெடுக்க வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். பயிர்க் காப்பீட்டுக்காகவும் ஆட்கள் வந்துபோகிறார்கள். நீங்கள் நிவாரணத்தோடு சம்பந்தப்பட்டவர் என்று நினைத்துவிட்டால், சேதத்தைக் கூட்டியும் மகசூலைக் குறைத்தும் சொல்வது இயல்பு. அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. “நான் காலேஜில் படிக்கிறேன், இதனால் உங்களுக்குப் பணமோ சலுகையோ வராது, பெயரையும் எங்கேயும் போடமாட்டேன்” என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கடன் பற்றிய கேள்வியை டீக்கடையில் நான்கு பேர் நடுவில் கேட்காதீர்கள். வீட்டுத் திண்ணையில், வெயில் தாழ்ந்த பிறகு கேளுங்கள்.

வரப்போரத்தில் மண் எடுப்பது

வரப்போரம், வாய்க்கால் ஓரம், எருக்குழி பக்கம், மர நிழல் எதுவும் வேண்டாம். வயலுக்குள் இறங்கி, பல இடத்தில் ‘வி’ வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை சீவி எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்துங்கள்.

வனத்துறை அனுமதி இல்லாமல் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் கோடியக்கரை சரணாலயத்துக்கும் போவது

தலைப்பு யோசிக்கும் அன்றே விண்ணப்பியுங்கள். வந்த பிறகு கேட்டால் செமஸ்டர் போய்விடும்.

தேதி எழுதாத நோட்டு

அதில் இருப்பதைத் தரவு என்றே சொல்ல முடியாது.

கட்டுரையில் யார் பெயர் என்று கடைசியில் பேசுவது

முதல் வாரத்திலேயே கைடையும் எங்களையும் வைத்துப் பேசி, ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தரவை யார் வைத்துக்கொள்வது, கட்டுரை வந்தால் யார் யார் பெயர், பண்ணையில் பழைய ஆண்டுத் தரவைப் பயன்படுத்தலாமா, இந்த மூன்றும் அதில் இருந்தால் போதும். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று மாணவர்கள் தயங்குகிறார்கள். கேட்காமல் விட்ட இடத்தில்தான் பின்னால் மனக்கசப்பு வந்து பார்த்திருக்கிறேன்.

முடிவை நிலத்துக்காரரிடம் கொடுக்காமல் போவது

மண் மாதிரி எடுத்த வயல்காரருக்கு அவருடைய எண்களைத் தமிழில் அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். நிலம் உவரா (உப்பு மிகுந்ததா), களரா (சோடியம் மிகுந்ததா) என்பதை மட்டும் பிரித்துச் சொன்னாலே பெரிய உதவி. களர் என்றால் ஜிப்சம் போட வேண்டியிருக்கும், உவர் என்றால் நல்ல தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். உவர் நிலத்தில் ஜிப்சத்தைக் கொட்டிப் பணத்தை இழந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். வைவா முடியட்டும் என்று காத்திருக்காமல், ஆய்வகத்திலிருந்து முடிவு கைக்கு வந்த வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். கோடை உழவு முடிவதற்குள் அது அவர் கையில் இருக்க வேண்டும்.