சர்ஃப் போர்டுக்கு கிளாஸ் போடும்போது ரெசினை வீணாக்குற தவறுகள்

சொந்தமா போர்டு ஷேப் பண்றவங்க ஃபோமை மில்லிமீட்டர் கணக்குல பார்த்து பார்த்து தேய்ப்பாங்க, ஆனா அது மேல ஃபைபர் கிளாஸ் துணி விரிச்சு ரெசின் (இறுகி கெட்டியாகுற பிசின்) ஊத்தறதுன்னு வந்துட்டா மட்டும் "பத்தாம போயிட்டா என்ன பண்றது, கொஞ்சம் கூடவே இருக்கட்டும்"னு ஒரு மக் நிறைய கலந்துடுவாங்க, அதுல ஒரு பங்கு தரையில சொட்டி ஒரு பங்கு மக்குலயே கல்லாகி கிடக்கும். விக்கிற விலைக்கு இது தேவையா?

கண் அளவுல கலக்குறதுதான் எல்லாத்துலயும் பெரிய தப்பு. துணியை வெட்டி முடிச்சதும் மடிச்சு அப்படியே கிச்சன் தராசுல வைங்க. நெய்த ஃபைபர் துணியை ஸ்குவீஜி (ரெசினை வழிச்சு தள்ளுற தகடு) வச்சு ஒழுங்கா இழுத்தா, துணி எடை எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்ளோ எடை ரெசின் போதும். 6 அடி ஷார்ட்போர்டு டெக்குக்கு (மேல்பக்கம்) 4 அவுன்ஸ் துணி (சதுர கெஜத்துக்கு 4 அவுன்ஸ் எடை) ரெண்டு லேயர் போட்டாலும் துணி 280 கிராம் பக்கம்தான் வரும், அதுக்கு சமமா ரெசின், அப்புறம் கப்புலயும் ஸ்குவீஜிலயும் ஒட்டிக்கிறதுக்கு ஒரு 50 கிராம், முடிஞ்சுது. ஒரு லிட்டர் கலக்குற ஆளுங்களை என்ன சொல்றது!

நம்ம கடற்கரைல ரெசின் இப்படி வீணாகறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. இங்க ஃபைபர் வேலைன்னாலே ஃபைபர் போட் வேலைதான், சந்தேகம்னா போட் பட்டறை அண்ணன்கிட்டதான் போய் கேப்போம். அவர் சொல்றது அவர் வேலைக்கு சரி, ஏன்னா அவர் போடுறது மேட் (நெய்யாம, துண்டு நாரை பரப்பி ஒட்டின விரிப்பு), அது தன் எடையை விட ரெண்டு ரெண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். அதே கணக்கை துணிக்கு போட்டா துணி ரெசின்ல மிதக்கும், பலம் கூடாது, போர்டு கனமாகி ஈஸியா விரிசல் விடும். பலம் குடுக்கறது ஃபைபர், ரெசின் அதை பிடிச்சு வைக்கத்தான்.

துணியை ரெயிலுக்கு (போர்டோட பக்கவாட்டு ஓரம்) கீழ பாவாடை மாதிரி தொங்க விடறதும் வேஸ்ட்தான். அடிப்பக்கம் மடிய 2 இஞ்ச் லேப் போதும், மீதியை ரெசின் ஊத்தறதுக்கு முன்னாடியே வெட்டிடுங்க, இல்லன்னா தொங்குற துணி ரெசினை உறிஞ்சி தரைக்கு வழிய விடும். ஊத்தும்போதும் நடுவுல ஊத்தி, முதல்ல தட்டையான பகுதியை நனைச்சு, ஒரு நிமிஷம் ஊற விட்டு, அப்புறம் நடுவுல தேங்கி நிக்கிறதையே மெதுவா ரெயிலுக்கு தள்ளுங்க. எடுத்தவுடனே ரெயிலுக்கு இழுத்தா வந்ததெல்லாம் கீழதான் போகும். துணில பளபளன்னு குட்டை மாதிரி தெரிஞ்சா அதிகம், வெள்ளையா திட்டு தெரிஞ்சா பத்தல, நெசவு லேசா தெரியற மாதிரி மங்கலா இருந்தா சரி.

ஈபிஎஸ் ஃபோம்னா (தெர்மோகோல் வகைதான், இதுக்கு எபாக்ஸி ரெசின் மட்டும், இன்னொரு வகையான பாலியெஸ்டர் ரெசினை ஊத்தினா ஃபோமே கரைஞ்சிடும்) குருணைகளுக்கு நடுவுல இருக்கற ஓட்டையெல்லாம் ரெசின் குடிக்கும். முந்தின நாளே லைட்வெயிட் ஃபில்லர் தேய்ச்சு அடைச்சுட்டா நல்லாவே மிச்சமாகும்.

அடுத்தது சூடு. எபாக்ஸியை கலந்துட்டு கப்புலயே வச்சிருந்தா அதோட சூடே அதை வேகமா இறுக்கும், சித்திரை வெயில்ல கேக்கவே வேணாம், போன்ல ஒரு மெசேஜ் பார்த்து திரும்பறதுக்குள்ள கெட்டியாகி புகையும். கலந்ததும் போர்டு மேல ஊத்திடுங்க, பரவி இருந்தா டைம் கிடைக்கும், பெரிய போர்டுன்னா ரெண்டு தடவையா கலக்கலாம். சாயங்காலம் வெப்பம் இறங்குற நேரம் நல்லது, ஏன்னா சூடு ஏறும்போது ஃபோமுக்குள்ள இருக்கற காத்து வெளிய வந்து குமிழ் விடும், அந்த குமிழை மூட இன்னொரு கோட் ரெசின் செலவு.

அவசரத்துக்கு எபாக்ஸில ஹார்ட்னரை (அதை இறுக வைக்க கலக்குற ரெண்டாவது திரவம்) அதிகமா ஊத்தறது மகா தப்பு, வேகமா இறுகாது, பிசுபிசுன்னே நின்னு மொத்தமும் சுரண்ட வேண்டி வரும். ரெசினுக்கும் ஹார்ட்னருக்கும் 2:1னு டப்பால போட்டிருந்தா அது பெரும்பாலும் கன அளவுல (மில்லி கணக்கு), எடை கணக்கு வேற, லேபிளை படிங்க. பாலியெஸ்டர்னா கேட்டலிஸ்ட் (அதை இறுக வைக்கற கெமிக்கல்) 1 முதல் 2 சதவீதம், நம்ம வெயிலுக்கு 1 பக்கத்துலயே நில்லுங்க. கோபால்ட்டை (இறுகறதை வேகப்படுத்தற திரவம்) தனியா வாங்கி போடறவங்க அதையும் கேட்டலிஸ்டையும் நேரா ஒண்ணா ஊத்திடாதீங்க, வெடிக்கும், முதல்ல கோபால்ட்டை ரெசின்ல நல்லா கலக்கிட்டு அப்புறம்தான் கேட்டலிஸ்ட்.

எவ்வளவு கணக்கு போட்டாலும் 30, 40 கிராம் மிஞ்சத்தான் செய்யும். அதுக்கு முன்னாடியே வேலை ரெடியா வைங்க, லீஷ் பிளக் (கால்ல கட்டுற கயிறை போர்டுல மாட்டுற இடம்) குழியோ பழைய போர்டுல அடிபட்ட இடமோ, ஏதாவது ஒண்ணு தேய்ச்சு டேப் ஒட்டி பக்கத்துலயே இருக்கட்டும் (ஈபிஎஸ் போர்டு மேல மட்டும் மிஞ்சின பாலியெஸ்டரை வைக்காதீங்க). வெயில்ல இறுகுற யூவி ரெசின்னா கவலையே இல்ல, கேட்டலிஸ்ட் கலக்காத வரைக்கும் மிச்சத்தை மூடி இருட்டுல வச்சா அடுத்த போர்டுக்கு ஆகும். கப்பு பாலிப்ரொப்பிலீன்ல வாங்குங்க, மறுநாள் அமுக்கினா இறுகின ரெசின் தானா கழண்டு வந்துடும். ஆனா சூடா இருக்கற கப்பை குப்பைத்தொட்டில மட்டும் போடாதீங்க, வெளிய மண்ணுல வச்சு நல்லா ஆறினப்புறம் எடுங்க.