ஆப்கன் நவ்ரோஸுக்கு ஒரு போஸ்டர் செய்வது எப்படி

டெல்லி லாஜ்பத் நகரில் என் அறைக்குக் கீழே ஓர் ஆப்கன் நான் ரொட்டிக் கடை. கடைக்காரருக்குச் சொந்த ஊர் காந்தஹார், அவர் மனைவிக்கு ஹெராத். மூன்று வருடமாக அவர்களுடைய நவ்ரோஸ், அதாவது புத்தாண்டுப் போஸ்டரை நான்தான் செய்கிறேன். முதல் வருடம் கொண்டுபோனதைக் கடைக்காரர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது ஈரான்காரர் வீட்டு நவ்ரோஸ், பேட்டா" என்றார்.

ஈரானியர் மேசையில் வைக்கும் ஏழு பொருள்களை வரைந்திருந்தேன். தேதியில் ஈரானியரின் முதல் மாதப் பெயரான ஃபர்வர்தீன் என்று போட்டிருந்தேன். ஆப்கானிஸ்தானில் அந்த மாதத்துக்குப் பெயர் ஹமல். அங்கே செய்வது ஹஃப்த் மேவா: திராட்சை, பாதாம், பிஸ்தா, வால்நட், ஆப்ரிகாட் என்று ஏழு வகை உலர்பழமும் கொட்டையும் தண்ணீரில் ஊறும் கிண்ணம். அந்தக் கிண்ணம்தான் படத்தின் நடுவில் இருக்க வேண்டும். 2022 முதல் அந்த நாட்டில் நவ்ரோஸுக்கு அரசு விடுமுறை கிடையாது. ஊரைவிட்டு வந்தவர்கள் ஒட்டும் போஸ்டரில் மாதப் பெயர்கூட அவர்களுடையதாக இல்லை என்றால் மனது கேட்குமா?

சரி, வேலையை எழுத்திலிருந்து தொடங்குங்கள். படம் அப்புறம். போஸ்டரில் வரும் தாரி (பாரசீகத்தின் ஆப்கன் வடிவம்), பஷ்தோ இரண்டும் ஆப்கானிஸ்தானின் மொழிகள், அரபு வகை எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதப்படுபவை. ஃபோட்டோஷாப்பிலோ இன்டிசைனிலோ இத்தகைய எழுத்துகளுக்கான வேர்ல்ட்-ரெடி (World-Ready) அமைப்பை முதலில் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக, இடம்வலம் புரண்டு நிற்கும். தாரி தலைப்புக்கு நஸ்தலீக் என்ற எழுத்துப் பாணி அழகு. 15ஆம் நூற்றாண்டில் ஹெராத் அரசவையில் செழித்த எழுத்து அது. சொற்கள் வலமிருந்து இடமாகச் சரிந்து இறங்குவதால் வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள். பஷ்தோவுக்கு, வரி நேராக நிற்கும் நஸ்க் பாணி எழுத்துருவே வழக்கம்.

ஆனால் எல்லாப் பாரசீக எழுத்துருவும் பஷ்தோவுக்குப் பொருந்திவிடாது. நம் ட, ண போன்ற ஒலிகள் பஷ்தோவில் உண்டு. அவற்றுக்கான எழுத்துகளில் ஒரு சின்ன வளையம் தொங்கும். அது பல எழுத்துருக்களில் இல்லை. சோதிக்க எளிய வழி, 'பஷ்தோ' என்ற சொல்லையே அடித்துப் பார்ப்பது. இரண்டாம் எழுத்துக்கு மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி இருக்க வேண்டும். அதே எழுத்தைக் காந்தஹாரில் 'ஷ' என்பார்கள், கிழக்கே போனால் 'க' போல ஒலிக்கும். புள்ளி விடுபட்டால் அவர்கள் மொழியின் பெயரே பிழையாகிவிடும். நோட்டோ நஸ்க் அரபிக்கில் இந்த எழுத்துகள் எல்லாம் இருக்கின்றன.

எண்களையும் பாருங்கள். 2026 மார்ச் 21 அன்று ஆப்கன் நாட்காட்டியில் ஹமல் 1, 1405. அந்த 4, 5 இரண்டுக்கும் அரபியில் ஒரு வடிவம், தாரியிலும் பஷ்தோவிலும் வேறு வடிவம்.

ஓரத்துக்கு நான் எடுத்துக்கொண்டது காமக் தையல். காந்தஹார்ப் பெண்கள் துணியின் இழைகளை எண்ணி எண்ணிப் போடும் வேலை. பெரும்பாலும் வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். கடைக்காரரின் கல்யாணச் சட்டையை வாங்கி, மார்புப் பகுதியை மொபைலில் பெரிதாக்கிப் பார்த்தேன். முக்கோணம் என்று நான் நினைத்தது, படிப்படியாக நீளும் தையல்களின் வரிசை. ஆகவே முக்கோணம் வரைந்து நிறம் நிரப்பாதீர்கள். கிரிட் போட்டு, ஒரு தையலுக்கு ஒரு மெல்லிய செவ்வகம் வையுங்கள். நடுவே மயிரிழை இடைவெளி விடுங்கள். வெள்ளைத் தாளில் 10 சதவீதக் கருப்பு போதும், நூலின் நிழல் மாதிரி வரும்.

நிறத்துக்கு ஹெராத் ஜும்மா மசூதி ஓடுகளின் நீலம், கடைக்காரரின் மனைவிக்காக. கூடவே ஆப்கானிஸ்தானின் மஸார்-இ-ஷரீஃப் நகரில் நவ்ரோஸ் சமயத்தில் பூக்கும் துலிப்பின் சிவப்பு. துப்பாக்கி, நீல புர்கா, இடிந்த சுவர் எதுவும் வேண்டாம். அவை செய்திப் படங்களில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

தாரி பேசும் ஒருவரும் பஷ்தோ பேசும் ஒருவரும் வாய்விட்டுப் படித்த பிறகே அச்சுக்கு அனுப்புங்கள். அனுப்பும் கோப்பில் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றிவிடுங்கள். அச்சகக் கணினியில் இந்த எழுத்துரு இருக்காது. மாற்றாத பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும், அடுத்த ஹமலுக்கு ஆண்டை மாற்ற வேண்டுமே.