பழுதான லினக்ஸ் மடிக்கணினியில் கைவைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டின் முன்னறைக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் நான்கைந்து மாணவர்கள் மடிக்கணினிகளோடு வருவார்கள். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸ் இயங்குதளமும் இருந்ததால், இங்கே பலருக்கு லினக்ஸ் முதலில் அறிமுகமானது அந்த வழியில்தான். இப்போது வருகிறவர்கள் உபுண்டு, டெபியன், மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளில் ஒன்றைத் தாங்களே நிறுவிக்கொள்கிறார்கள். ஆனால் பழுது வந்தால் அவர்கள் செய்யும் தவறுகள், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறுகளாக இருக்கின்றன. கடவுச்சொல்லை மறப்பது, தவறான கட்டளையைத் தட்டுவது போன்றவை யாருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

“வைஃபை வரவில்லை” என்பதையே நோயின் பெயராக எடுத்துக்கொள்வது

அந்த ஒரு தொடருக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு பழுதுகள் இருக்கின்றன. வைஃபை அட்டையே கணினியின் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். அட்டை தெரிந்தும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரோ, அட்டைக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரோ ஏறாமல் இருக்கலாம். எல்லாம் ஏறியும் அட்டையின் வானொலி, அதாவது அலைகளை அனுப்பிப் பெறும் பகுதி, அணைக்கப்பட்டிருக்கலாம். இணைப்பு முழுமையாகக் கிடைத்தும், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் மட்டும் பதில் சொல்லாமல் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய ஐந்து நிமிடம் போதும். ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையை என், என், கே என்ற விருப்பங்களுடன் ஓட்டினால் அட்டையின் அடையாள எண்ணும், அதை இயக்கும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவரின் பெயரும் வரும். டிரைவர் வரி இல்லையென்றால் பழுது அங்கே இருக்கிறது. ‘ஆர்எஃப்கில்’ பட்டியல் வானொலி மென்பொருளால் தடுக்கப்பட்டிருக்கிறதா, வன்பொருள் சுவிட்சால் தடுக்கப்பட்டிருக்கிறதா என்று சொல்லும். இரண்டாவதாக இருந்தால் எந்தக் கட்டளையும் அதை விடுவிக்காது. 8.8.8.8 என்ற முகவரிக்கு, இணைப்பைச் சோதிக்கும் ‘பிங்’ கட்டளை போய், தளத்தின் பெயருக்கு மட்டும் போகவில்லையென்றால் அது டிஎன்எஸ் பழுது. அதற்காக டிரைவரைத் தொடுவது தலைவலிக்குக் காலில் கட்டுப்போடுவதாகும்.

சென்ற ஆண்டு ஓமலூரிலிருந்து வந்த ஒரு மாணவர், கணினியைத் திறந்து அட்டையைக் கழற்றி, புதிய அட்டையும் வாங்கிப் பொருத்திவிட்டு வந்தார். அந்தப் பழைய மாடலின் பக்கவாட்டில் ஒரு சிறிய தள்ளு சுவிட்ச் இருந்தது. பைக்குள் வைக்கும்போது அது நகர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும்போது ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் அது முழுமையாக அணைவதில்லை. கெர்னலின் நிலையை வட்டில் எழுதிவிட்டு உறங்குகிறது. அடுத்து லினக்ஸுக்குள் வரும்போது சில வைஃபை அட்டைகள் விழிப்பதில்லை, விண்டோஸ் பகிர்வும் (வட்டில் அதற்கென ஒதுக்கிய பகுதி) படிக்க மட்டுமே திறக்கிறது. விண்டோஸில் அந்த வசதியை அணைத்துவிட்டால் இரண்டும் தீர்ந்துவிடும்.

களஞ்சியத்தைப் பார்க்காமல் டிரைவரைத் தானே தொகுப்பது

பிராட்காம் 43142 போன்ற அட்டைகளுக்குத் தேவையான டிரைவர் டெபியன், உபுண்டு களஞ்சியங்களிலேயே, அதாவது அவற்றின் அதிகாரபூர்வ மென்பொருள் சேமிப்பகங்களிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு, யாரோ எழுதிய மூலநிரலை இறக்கி, தொகுத்து (ஓடக்கூடிய நிரலாகக் கட்டி), நிறுவுகிறார்கள். அன்று மாலை வைஃபை வந்துவிடும். அடுத்த கெர்னல் புதுப்பிப்பு வரும் நாளில் அது போய்விடும், ஏனெனில் அந்த டிரைவர் பழைய கெர்னலுக்காக மட்டும் கட்டப்பட்டது. களஞ்சியத்தில் உள்ளது டிகேஎம்எஸ் என்ற டிரைவர் கட்டும் கருவி வழியாக வருவதால், அதற்குத் தேவையான கெர்னலின் ஹெட்டர் கோப்புகள் நிறுவப்பட்டிருக்கும் வரை, ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் தானாக மீண்டும் கட்டப்படும். துவக்கத்தின்போது கையொப்பத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பமில்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது என்பதையும் நினைவில் வையுங்கள். டிரைவர் சரியாகத் தொகுக்கப்பட்டும் ஏறவில்லையென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான்.

டிரைவரை இறக்க இணையம் வேண்டுமே என்று கலங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு தொலைபேசியைக் கம்பியால் இணைத்து யுஎஸ்பி டெதரிங் (தொலைபேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிர்வது) கொடுத்தால் பெரும்பாலும் எந்த டிரைவரும் நிறுவாமலே இணைப்பு கிடைத்துவிடும். டெபியன் 12 முதல் அதன் நிறுவல் வட்டிலேயே கட்டற்ற உரிமத்தில் வராத ஃபர்ம்வேரும் சேர்ந்து வருவதால், பழைய வட்டை வைத்துக்கொண்டு போராடுகிறவர்கள் முதலில் புதிய வட்டை எடுத்துப் பார்க்கலாம்.

சாகக் கிடக்கும் வட்டைப் பழுதுபார்ப்பது

இதைப் பற்றி நிதானமாக எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

இரண்டு மாதங்களுக்கு முன் கொண்டலாம்பட்டியிலிருந்து ஒரு மாணவர் வந்தார். வீட்டில் வெண்பட்டு வேட்டி நெசவு. அப்பா பல ஆண்டுகளாக வரைந்து சேர்த்த கரை டிசைன்கள் எல்லாம் அந்தப் பழைய மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. ஒருநாள் கோப்பைச் சேமிக்க முடியவில்லை; வட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கை வைத்திருக்கும் கோப்பு முறைமை, படிக்க மட்டும் என்ற நிலைக்குத் தானாக மாறிவிட்டிருந்தது. அவர் இணையத்தில் தேடி, லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென் டிரைவ்) துவக்கி, ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையை எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று பதில் சொல்லும் ஒய் விருப்பத்துடன் ஓட்டினார். மூன்று மணி நேரம் ஓடியது. முடிந்தபோது டிசைன் கோப்புறை இல்லை. ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ கோப்புறையில் பெயரில்லாமல் வெறும் எண்களோடு சில நூறு கோப்புகள் கிடந்தன, அவற்றிலும் பாதி திறக்கவில்லை. “அண்ணா, சரிசெய்யச் சொல்லித்தானே கொடுத்தேன்” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனெனில் பத்து ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகக் கணினியில் நானும் அதையே செய்திருக்கிறேன். அது அறுவடைக் காலம். பழம் பறித்தவர்களின் கூலிக் கணக்கு முழுவதும் அதில் இருந்தது. தோட்ட மேலாளர் என்னைத் திட்டவில்லை. “பரவாயில்லை தம்பி” என்று சொல்லிவிட்டு, எடை போட்ட துண்டுச் சீட்டுகளைத் தேடியெடுத்து, இரண்டு இரவுகள் உட்கார்ந்து கணக்கை மீண்டும் எழுதினார். கொண்டை ஊசி வளைவுகளில் கீழே இறங்கி வந்த அந்தப் பேருந்துப் பயணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நடப்பது என்னவென்று புரிந்தால் யாரும் இதைச் செய்யமாட்டார்கள். எஃப்எஸ்சிகே என்பது கோப்பு முறைமையின் கணக்குப் பிழைகளைத் திருத்தும் கருவி. வட்டு நலமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அது வேலை செய்கிறது. மின்சாரம் போனதால் கணக்கு குழம்பியிருந்தால் அது நல்ல மருந்து. ஆனால் வட்டின் பரப்பே கெட்டிருக்கும்போது, படிக்க முடியாத ஒரு தொகுதியை (வட்டின் ஒரு சிறு துண்டு) சந்திக்கும் கருவி இரண்டு கேள்விகள் கேட்கிறது: பிழையைப் பொருட்படுத்தாமல் போகலாமா, அந்த இடத்தில் வலிந்து மீண்டும் எழுதட்டுமா. ஒய் விருப்பம் இரண்டுக்கும் ஆம் என்கிறது. பத்தாவது முயற்சியில் படிக்கக் கிடைத்திருக்கக்கூடிய ஒரு தொகுதியின் மேல் அப்படித்தான் வெறுமை எழுதப்படுகிறது. அது கோப்புறைகளின் பட்டியலைத் தாங்கிய தொகுதியாக இருந்தால், அதன் கீழிருந்த கோப்புகள் எல்லாம் பெயரிழந்து அநாதைகளாகின்றன. அதற்கு மேல், மூன்று மணி நேரம் அந்த வட்டை அலைக்கழித்ததில் அதன் மிச்ச ஆயுளும் கரைந்துவிடுகிறது.

எனவே கோப்பு முறைமை தானாகப் படிக்க மட்டும் என்று மாறினால் முதலில் கெர்னல் பதிவைப் படியுங்கள். அதில் வட்டின் பெயரோடும் செக்டர் (வட்டின் மிகச் சிறிய பகுதி) எண்ணோடும் ஐ-ஓ பிழை, அதாவது படிக்கவோ எழுதவோ முடியவில்லை என்ற வரிகள் இருந்தால், அது கோப்பு முறைமையின் பழுதல்ல, வட்டின் பழுது. அடுத்து ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கட்டளையால், வட்டு தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் 5ஆம் எண் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களையும், 197ஆம் எண் படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களையும் காட்டும். 197இல் பூச்சியத்துக்கு மேல் எதுவிருந்தாலும் அந்த வட்டில் எழுதுவதை நிறுத்துங்கள். மேலே ‘தேர்ச்சி’ என்று வரும் ஒற்றை வரியை நம்பாதீர்கள். காத்திருக்கும் செக்டர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தபோதும் அந்த வரி தேர்ச்சி என்றே சொன்னதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 199ஆம் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனால் வட்டைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள்: அது பெரும்பாலும் கேபிள் அல்லது இணைப்பியின் பழுது.

பிறகு அதே அளவோ அதற்கு மேலோ உள்ள வேறொரு வட்டை வாங்கி, ‘டிடிரெஸ்க்யூ’ கருவியால் முழு வட்டையும் நகலெடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எங்கே நின்றது என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்துவைப்பதால் நடுவில் மின்சாரம் போனாலும் தொடரலாம். அந்தக் கோப்பின் பெயரைக் கட்டளையில் கொடுக்க மறக்காதீர்கள். எஃப்எஸ்சிகேயை நகலின் மேல் ஓட்டுங்கள். தவறினால் இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளலாம். லைவ் யுஎஸ்பியில் இருக்கும்போது கோப்பு மேலாளரில் அந்த வட்டின் மேல் சொடுக்கவும் வேண்டாம்: லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 உள்ள பகிர்வைப் படிக்க மட்டும் என்று ஏற்றினாலும், அதன் ஜர்னலில் (எழுத வேண்டிய மாற்றங்களின் குறிப்பு) மிச்சமிருப்பது வட்டில் எழுதப்படும். எழுதாமல் இருக்க ‘நோலோட்’ என்ற விருப்பத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

ஒரே மூச்சில் மூன்று மாற்றங்கள்

ஒன்று செய்து, மறுதுவக்கி, பார்த்த பிறகே அடுத்தது.

பழைய கெர்னலை உடனே நீக்குவது

புதியது ஒரு வாரம் ஒழுங்காக ஓடட்டும்.

தொலைபேசிக்குத் தெரியும் வைஃபை கணினிக்குத் தெரியாதபோது அட்டையைப் பழிப்பது

ரௌட்டர் 12 அல்லது 13ஆம் சேனலில் இருக்கலாம். இந்தியாவில் அவை அனுமதிக்கப்பட்டவை, அமெரிக்க விதிக்கு அமைக்கப்பட்ட அட்டை அவற்றைத் தேடாது. ‘ஐடபிள்யூ’ கட்டளையில் நாட்டின் குறியீட்டைப் பாருங்கள்; மாற்ற முடியவில்லையென்றால் ரௌட்டரை 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றுக்கு மாற்றுங்கள்.

திரையின் கடைசி வரியை மட்டும் படமெடுத்து அனுப்புவது

கடைசி வரியில் தெரிவது விளைவு. காரணம் பல வரிகளுக்கு மேலே இருக்கும். ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையை கே, பி என்ற விருப்பங்களோடு ஓட்டி, இந்தத் துவக்கத்தின் கெர்னல் பதிவு முழுவதையும் ஒரு கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். கணினி உறைந்துபோய் மீண்டும் துவக்கியிருந்தால் பி விருப்பத்துக்குப் பின் மைனஸ் 1 என்று கொடுத்து, முந்தைய துவக்கத்தின் பதிவை எடுங்கள். அதோடு அட்டையின் அடையாள எண், கெர்னலின் பதிப்பு எண், பழுது தொடங்குவதற்கு முன் கடைசியாக நிறுவியது எது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.