யாரை ஒதுக்கி வைப்பது, யாருக்கு முதல் ஊசி: திட்டம் போடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேரும் சுகாதார ஆய்வாளர்களுக்குப் பயிற்சியில் ஒரு கணக்கு கொடுப்பது வழக்கம். உங்கள் வட்டாரத்தில் மூச்சு வழியாகப் பரவும் புதுக் காய்ச்சல் ஒன்று வந்திருக்கிறது. தடுப்பூசி கொஞ்சம்தான் கையில் இருக்கிறது. யாரைத் தனிமையில் வைப்பீர்கள், யாருக்கு முதலில் போடுவீர்கள் என்று எழுதித் தாருங்கள் என்போம். தாள்களை வாங்கிப் பார்த்தால், 2020-லும் 2021-லும் கோவிட் வந்தபோது நாங்கள் அடித்த அதே கூத்து அச்சு அசலாக இருக்கிறது. முகக்கவசம், கை கழுவுவது எல்லாம் சரியாகவே எழுதிவிடுகிறார்கள். அதைப் பேசப் போவதில்லை. உத்தரவாகப் படிக்கும்போது அழகாக இருந்து, தெருவுக்குள் இறங்கியதும் பல்லிளிக்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

நாளை எங்கிருந்து எண்ணுவது

கோவிட் தொற்றியவருக்கு அறிகுறி தெரிய 14 நாள் வரை ஆகலாம். அதனால்தான் அப்போது 14 நாள் தனிமை. அந்த 14, நோயாளியோடு கடைசியாகப் பழகிய நாளிலிருந்து ஓட வேண்டும். புதியவர்கள் நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். டெஸ்ட் முடிவு வர இரண்டு நாள், பாசிட்டிவ் வந்தவர்களின் பெயர்ப் பட்டியலான லைன் லிஸ்ட் நம் கைக்கு வர ஒரு நாள் என்று நம் தரப்பில் ஆன தாமதத்தையும் அந்த ஆள் தலையில் கட்டினால், 'எதுக்கு சார் கூட மூணு நாள்?' என்று கேட்பார். நியாயமான கேள்விதான், நம்மிடம் பதில் இருக்காது.

நேர்மாறான தவறும் உண்டு. நோயாளி அதே வீட்டில், அதே சமையலறையைப் புழங்கிக்கொண்டிருந்தால் பழக்கம் தினமும் தொடர்கிறது. அங்கே கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை. அப்புறம், இரண்டாம் நாள் எடுத்த டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்ததும் ஆளை வெளியே விடுவது. அந்த நெகட்டிவுக்கு அர்த்தமே கிடையாது.

ஒரே அறை வீட்டில் தனி அறை கேட்பது

2020-ல் வந்த வீட்டுத் தனிமை வழிகாட்டுதல் காற்றோட்டமான தனி அறை கேட்டது, முடிந்தால் அதனோடு சேர்ந்த கழிப்பறையும். எழுதியவர் வீட்டில் அது இருந்திருக்கும். எட்டுக் குடித்தனத்துக்கு இரண்டு கழிப்பறை உள்ள லைன் வீட்டில் போய் அதே தாளை நீட்டினால் அது வெறும் காகிதம். நோட்டீஸைக் கொடுக்கும் முன் கழிப்பறை யாரோடு பொது, தண்ணீர் எங்கே பிடிக்கிறார்கள், இரவில் எத்தனை பேர் ஒரே இடத்தில் படுக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ பார்க்க வேண்டியதுதான்.

அடுத்தது கூலி. நான் பார்த்த ஒரு பெயின்டர் ஐந்தாம் நாள் விடிவதற்கு முன்பே பின்வாசல் வழியாக வேலைக்குக் கிளம்பிவிட்டார். பிடித்து வைத்துத் திட்டினோம். 'இன்னைக்குப் போகலைன்னா மேஸ்திரி வேற ஆளைச் சேத்துக்குவார் சார், அரிசியை நீங்க குடுத்தீங்க, வட்டிக்காரனுக்கு யார் குடுப்பா?' என்றார். அரிசி, பால், மாத்திரையோடு முடிந்தது என்று நினைக்கும் திட்டத்தில் ஐந்தாம் நாள் ஓட்டை விழுந்தே தீரும். வேலைக்கு வைத்திருப்பவரிடம் ஆய்வாளரே போனில் பேசி, இன்ன தேதி வரை இவர் வரமாட்டார், இடத்தை வைத்திருங்கள் என்று சொல்வதற்குப் பைசா செலவில்லை. பல இடங்களில் வேலை செய்தது அந்தப் போன்தான்.

கதவில் ஸ்டிக்கர், வாசலில் தகரம்

ஒட்டினோம், அடித்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பால்காரரைக்கூட நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் அந்தத் தெருவில் யாருக்கும் காய்ச்சலே இல்லை! எல்லாரும் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரி குறிப்பாக உத்தரவிட்டால் ஒழிய இப்படி ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொன்னது.

எல்லையில் சுவர்

வேண்டாம். 2020 ஏப்ரலில் வேலூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லைச் சாலைகளில் எழுப்பி, உடனே இடித்தார்கள்.

நோய்க்கு அத்தாட்சி கேட்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பயிற்சித் தாள்களில் பாதிக்கு மேல் இதே வரி இருக்கிறது: 'உரிய மருத்துவச் சான்றுடன் வருபவர்களுக்கு முன்னுரிமை.'

நடந்ததைச் சொல்கிறேன். 2021 ஜனவரி 16-ல் மருத்துவப் பணியாளர்களுக்கு, பிப்ரவரி 2-லிருந்து முன்களப் பணியாளர்களுக்கு, மார்ச் 1-லிருந்து 60 வயதைக் கடந்தவர்களுக்கு. அதே மார்ச் 1-லிருந்து 45 முதல் 59 வயதுக்குள் இணைநோய் உள்ளவர்களுக்கும் போடலாம் என்றார்கள். இந்த வரிசையில் தப்பு சொல்ல முடியாது. செத்துப்போக வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள், நோயாளியைத் தொட்டு வேலை செய்பவர்கள் என்று யோசித்துப் போட்டதுதான். சிக்கல் இணைநோய்ப் படிவத்தில் இருந்தது. 20 நோய்களின் பட்டியல், எதிரே ஆம், இல்லை என்று டிக் அடிக்கும் கட்டம், கீழே பதிவு பெற்ற மருத்துவரின் கையெழுத்து.

பட்டியலைப் படித்தாலே யாரை மனதில் வைத்து எழுதியது என்று தெரியும். பக்கவாதம் என்றால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பதிவாகியிருக்க வேண்டும், கூடவே பிரஷருக்கோ சுகருக்கோ சிகிச்சையில் இருக்க வேண்டும். சுகர் மட்டும் போதாது. அது 10 ஆண்டுக்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் அதனால் உறுப்புப் பாதிப்பு வந்திருக்க வேண்டும், அதோடு பிரஷருக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, அதாவது பி.எச்.சி.க்கு, மாதாமாதம் மாத்திரை வாங்க வரும் பூக்கார அம்மா ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர். படிவத்தோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தார். சுகர் எத்தனை வருடமாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார்.

'சின்னவ வயசுக்கு வந்த வருஷம் சந்தையில மயக்கம் போட்டு விழுந்தேன்ல, அப்போலேர்ந்து.'

டாக்டர் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். பழைய சீட்டு ஏதாவது இருக்கிறதா என்றார். மழையில் போய்விட்டதாம். முதலில் மாத்திரை ஆரம்பித்த ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கி வரச் சொன்னார். அன்றைக்குப் போன அம்மா மார்ச் முழுக்க வரவில்லை. அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாள் பூ வியாபாரத்தை விட வேண்டும், சும்மாவா? அதே வாரம் ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் தன் குடும்ப டாக்டரிடமிருந்து வாட்ஸ்அப்பில் சான்றை வரவழைத்து, பிரின்ட் எடுத்து, அரை மணி நேரத்தில் போட்டுக்கொண்டு போனார். அவர்மேல் குற்றமில்லை, அவருக்கும் நோய் இருந்தது. இரண்டு பேருக்கும் இருந்த நோயில் வித்தியாசமில்லை, காகிதத்தில்தான் வித்தியாசம்.

எரிச்சலே இனிமேல்தான். ஊசி போடும் மேஜையிலிருந்து பத்தடி தள்ளி இருந்த அலமாரியில், சுகர், பிரஷர் போன்ற தொற்றாத நோய் உள்ளவர்களைப் பதியும் எங்கள் என்.சி.டி. ரிஜிஸ்டர் இருந்தது. அந்த அம்மாவின் பெயர், வயது, ஊர், முதலில் பதிவான தேதி, மாதாமாதம் பார்த்த பிரஷர், சுகர் அளவு, சுகருக்கும் பிரஷருக்கும் கொடுத்த மெட்ஃபார்மினும் அம்லோடிபினும் வரிவரியாக அதில் எழுதியிருந்தது, எழுதியது நாங்களே. அரசாங்கத்துக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு விஷயத்தை அரசாங்கத்துக்கே நிரூபித்துக் காட்டு என்று ஒரு பூக்காரியை அலையவிட்டோம். பி.எச்.சி. டாக்டரும் பதிவு பெற்ற மருத்துவர்தானே? ரிஜிஸ்டரைப் பார்த்து முதல் நாள் மாலையே படிவங்களை நிரப்பி, தகுதி உள்ளவர்களுக்குக் கையெழுத்துப் போட்டு, கிராம சுகாதார நர்ஸ் கையில் டோக்கனாகக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். விதியை மீற வேண்டிய அவசியம்கூட இருந்திருக்காது.

அந்தப் படிவத்தின் இன்னொரு லட்சணம்: 20 நோய்களில் எச்.ஐ.வி.யும் ஒன்று. டிக் அடித்த தாளை, சொந்த ஊர்க்காரர்கள் பின்னால் நிற்கும் வரிசையில், டேட்டா என்ட்ரி பையனிடம் நீட்ட வேண்டும். யார் நீட்டுவார்கள்? வயதைச் சொல்லிப் போட்டுக்கொள்ள முடியும் என்று ஆகும்வரை அவர்கள் காத்திருந்தார்கள்.

சான்று கேட்காவிட்டால் பொய் சொல்லி வந்துவிடுவார்கள் என்பது வழக்கமாக வரும் பதில். வரட்டுமே. 50 வயதுக்காரர் ஒருவர் இல்லாத சுகரைச் சொல்லிப் போட்டுக்கொண்டால் ஒரு டோஸ் ஒரு மாதம் முன்னால் போகிறது, அதுவும் இன்னொரு 50 வயது உடம்புக்குள்தான் போகிறது. உண்மையான நோயாளியைத் திருப்பி அனுப்பினால் போவது உயிர். இந்த இரண்டு பிழையையும் ஒரே தராசில் வைக்கும் ஆளை வரிசை போட விடக் கூடாது.

ஏப்ரல் 1-ல் 45 வயதைக் கடந்த எல்லாரும் வரலாம் என்று ஆகிவிட்டது. ஆக, அந்தப் படிவம் உயிரோடு இருந்தது ஒரே மாதம். ஆனால் அந்த மாதம்தான் கையில் மருந்தும் இருந்து, முகாமில் கூட்டமும் இல்லாத மாதம். மே மாதத்தில் தமிழ்நாட்டில் ஒரு நாள் பாதிப்பு 36,000-ஐத் தாண்டியபோது ஊசிக்கு விடிகாலையிலிருந்து வரிசை, பாதி நாள் ஸ்டாக் இல்லை. பூக்கார அம்மா விதி போன பிறகு வந்தார். அவர் வந்த அன்றைக்கும் இல்லை.

அதனால் பட்டியலை எப்போதும் உங்கள் கையில் இருக்கும் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். என்.சி.டி. ரிஜிஸ்டர், காசநோய் சிகிச்சைப் பட்டியல், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகைப் பட்டியல். எதிலும் இல்லாதவர்களுக்கு மட்டும் காகிதம் கேளுங்கள், அதையும் நீங்களே எழுதிக் கொடுக்கும் ஏற்பாட்டோடு. அடையாள அட்டையே இல்லாத நாடோடிகள், சிறைவாசிகள், பிச்சை எடுப்பவர்கள் ஆகியோருக்குப் போட 2021 மே மாதம்தான் தனி நடைமுறை வந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் மையம் வைத்து முதியவர்களுக்குப் போடும் யோசனையும் அதே மாதக் கடைசியில்தான். இரண்டும் முதல் நாளே எழுதியிருக்க வேண்டியவை.

சம்பளப் பட்டியலை முன்களமாக நினைப்பது

மருத்துவப் பணியாளர்களின் பெயர்களை அந்தந்த நிறுவனங்களே கொடுத்தன. ஏ.சி. அறையில் ஃபைல் பார்க்கும் கண்காணிப்பாளர் பெயர் தானாக ஏறிவிட்டது. வார்டில் வாந்தி துடைத்தவர் ஒப்பந்தக்காரரின் ஆள், அவர் பெயர் ஒப்பந்தக்காரரின் நோட்டில். சுடுகாட்டில் எரிப்பவர் எந்த நோட்டிலும் இல்லை. பட்டியல் வந்ததும், ஒரு நோயாளி வாசலில் இறங்கி வீடு திரும்பும் வரை, அல்லது அடக்கமாகும் வரை, யார் யார் கை படுகிறது என்று வரிசையாக நடந்து பாருங்கள். விடுபட்டவர்கள் அங்கேதான் நிற்பார்கள்.

திறந்த குப்பி

கோவிஷீல்டு குப்பியில் 10 டோஸ், திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். மாலை மூன்றரைக்கு மூன்று பேர் வந்து நிற்கிறார்கள், குப்பியைத் திறக்கலாமா? புதியவர்கள் இரண்டு வகை. ஒருவர், வீணாகிவிடும் என்று மூன்று பேரையும் நாளை வரச் சொல்வார். பதினைந்து கிலோமீட்டரிலிருந்து வந்தவர் நாளை வரமாட்டார். இன்னொருவர் திறந்துவிட்டு, மிச்ச ஏழுக்குப் போனை எடுத்துத் தெரிந்தவர்களைக் கூப்பிடுவார். மச்சான், மச்சானின் நண்பர், கவுன்சிலரின் டிரைவர். ஊருக்குள் அது தெரிந்த பிறகு நீங்கள் போட்ட வரிசையை யாரும் மதிக்க மாட்டார்கள்.

இதற்கு மாற்று, காலையிலேயே எழுதிச் சுவரில் ஒட்டிய காத்திருப்போர் பட்டியல். அடுத்த முன்னுரிமையில் உள்ளவர்கள், அரை மணியில் வந்துசேரக்கூடியவர்கள், வரிசை எண்ணோடு. போன் அந்த வரிசைப்படிதான் போக வேண்டும், டாக்டர் வீட்டுக்காரராக இருந்தாலும். குப்பியில் கொஞ்சம் கூடுதலாகவே வரும் என்பதால் கைதேர்ந்த நர்ஸ் 11-வது டோஸையும் எடுத்துவிடுவார். 2021 மே தொடக்கத்தில் கேரளா, வந்தது 73,38,806 டோஸ், போட்டது 74,26,164 என்று கணக்குக் காட்டியது இப்படித்தான். அதற்குத் தேவை பழகிய கையும் அவசரப்படுத்தாத மேற்பார்வையாளரும்.

இரண்டாம் டோஸ் தேதியை அச்சடிப்பது

கோவிஷீல்டுக்கு முதலில் 4 முதல் 6 வாரம், 2021 மார்ச்சில் 6 முதல் 8, மே மாதம் 12 முதல் 16. கொடுத்த சீட்டெல்லாம் பொய்யானது. தேதிக்குப் பதிலாகப் போன் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். பகலில் வீட்டில் இருக்கும் போனின் நம்பர், மகன் திருப்பூரில் வைத்திருக்கும் போனுடையது வேண்டாம்.