எடையைக் குறைத்துவிட்டுக் கருவை உறையவைப்பதா, உறையவைத்துவிட்டு எடையைக் குறைப்பதா?

உடல் பருமனோடு ஐவிஎஃப் சிகிச்சைக்கு (முட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கும் முறை) போகும் பெண்களின் காதில் பெரும்பாலும் முதலில் விழுவது, "வெயிட்டைக் குறைச்சுட்டு வாங்க." சொல்வதில் தப்பில்லை. 37 வயதுப் பெண்ணை அதற்காக ஒரு வருடம் காக்க வைப்பதுதான் தப்பு. கருமுட்டையை எடை கெடுக்கும். வயது அதைவிட வேகமாகக் கெடுக்கும். 2017இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், ஐவிஎஃபுக்கு முன் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்த பெண்கள் சராசரியாக 9 கிலோவுக்கு மேல் குறைத்தார்கள். ஆனால் குழந்தை பிறந்த விகிதம் மற்றவர்களைவிட ஒன்றும் பெரிதாகக் கூடவில்லை. சிகிச்சையே இல்லாமல் கருத்தரித்துக் குழந்தை பெற்றவர்கள் மட்டும் எடை குறைத்த பக்கம் அதிகம். அதனால் 28 வயதில் காத்திருக்கலாம். 35ஐத் தாண்டியவர்கள் முட்டையை எடுத்துக் கருவாக்கி உறையவைத்துவிட்டு, கருப்பையில் வைப்பதற்கு முன் எடையைக் குறைப்பது பற்றி டாக்டரிடம் பேச வேண்டும்.

இன்னொரு தவறு, முட்டை எடுக்கும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பு பட்டினி கிடப்பது. ஒரு முட்டை முதிர்ந்துவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது. வளரும் முட்டையைச் சூழ்ந்திருக்கும் திரவத்தில், பருமனான பெண்களுக்கு இன்சுலினும் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பும் கூடுதல். கடைசி நேரப் பட்டினி அதை மாற்றாது. எடை குறைக்கும் ஊசி போட்டால் அதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அப்படி ஒரு ஊசி மருந்தான செமாக்ளூடைடை கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள்.

'உடம்பில் கொழுப்பு இருந்தால் கரு ஃப்ரீஸிங்கைத் தாங்காது' என்ற பயம் பன்றிக் கருக்களுக்குத்தான் பொருந்தும். அவற்றில் கொழுப்புத் துளிகள் ஏராளம். மனிதக் கருக்களை அதிவேகமாகக் குளிர்வித்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைக்கிறார்கள். நல்ல ஆய்வகத்தில் பத்தில் ஒன்பதுக்கு மேல் உயிரோடு மீள்கின்றன. ஆனால் உறையவைப்பது ரிப்பேர் வேலை இல்லை. பழுதோடு உள்ளே போனது பழுதோடுதான் வெளியே வரும்.

கருவுக்கு '4ஏஏ' என்ற உயர்ந்த கிரேடு கிடைத்தால் எல்லாம் சரி என்று நினைப்பதும் வேண்டாம். அது மைக்ரோஸ்கோப்பில் தெரியும் உருவத்துக்குப் போட்ட மார்க். 2015இல் வந்த ஓர் ஆய்வில், எடை கூடிய பெண்களின் கருக்கள் மொருலா நிலையை (செல்கள் உருண்டையாகத் திரளும் கட்டம்) சீக்கிரமே எட்டின, ஆனால் அடுத்த கட்டமான பிளாஸ்டோசிஸ்டில் நஞ்சுக்கொடியாக மாறவேண்டிய செல்கள் குறைவாக இருந்தன. குரோமோசோம் சோதனையில் தேறிய கருவை வைத்தாலும், பருமன் இருந்தால் கருச்சிதைவு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான். (கணவரின் தொப்பையும் விந்தணுவைப் பாதிக்கும். அதை யாரும் பேசுவதில்லை.)

உறைந்த கருவை வைக்கும்போது, மாதவிடாய் ஒழுங்காக வருபவர்கள் 'இயற்கைச் சுழற்சியில் (உடலே சுரக்கும் ஹார்மோனோடு, வழக்கமான மாதவிடாய்ச் சுழற்சியில்) வைக்கலாமா?' என்று கேட்டுவிடுவது நல்லது. ஹார்மோன் மாத்திரைகளால் மட்டுமே கருப்பையைத் தயார் செய்தால் கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்கு வாய்ப்பு கூடுகிறது. பருமன் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து ஏற்கெனவே அதிகம்.