அரிசிச் சாப்பாட்டில் புரதக் கணக்கு போடுவது எப்படி?

நாலு பேர் இருக்கிற வீட்டில் சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் ஆளுக்கு 25 கிராம் பருப்பு. அதில் புரதம் ஐந்தரை கிராம். கிண்ணம் நிறைய ஊற்றிக்கொண்டாலும் ஐந்தரைதான். மற்றதெல்லாம் தண்ணீர், புளி, காய். அதே சாம்பார் இரவு வரை ஓடினால் வேளைக்கு மூன்று கிராம்கூடத் தேறாது. 'தினமும் பருப்பு சாப்பிடுகிறோமே' என்கிற வீடுகளில் கணக்கு உதைப்பது இங்கேதான். அதனால் சமைத்த பிறகு கிண்ணத்தை அளக்காதீர்கள். உலையில் போடுமுன் எடை போட்டு, சாப்பிடும் ஆட்களால் வகுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நாளைக்கான தேவை. உடல் எடையை 0.83-ஆல் பெருக்குங்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை இது. 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம், 65 கிலோ ஆணுக்கு 54 கிராம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இதோடு 22 கிராம், பால் கொடுக்கும் முதல் ஆறு மாதங்களில் 17 கிராம் கூட்டிக்கொள்ள வேண்டும். எடை மிகுந்தவர்கள் உயரத்துக்கேற்ற எடையை வைத்துக் கணக்கிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு அளவைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

அடுத்து வரவு. வேகாத நிலையில் 100 கிராமுக்குத் தோராயமாக: அரிசி ஏழரை கிராம், துவரை 22, உளுந்தும் பாசிப்பருப்பும் 24, கொண்டைக்கடலை 20, வேர்க்கடலை 25, காய்ந்த சோயா உருண்டை 50-க்கு மேல். பாலும் தயிரும் 100 மில்லிக்கு மூன்று கிராம் சொச்சம். ஒரு முட்டை 6 கிராம். கோழி, மீன் என்றால் 100 கிராம் சதையில் 20 கிராம் கிடைத்துவிடும். வாரம் முழுக்கக் கவிச்சி சமைக்கிற வீட்டில் இந்தக் கவலை குறைவு.

சரி, அரிசியையே கூடுதலாகச் சாப்பிட்டு 46 கிராமை எட்டினால் என்ன? 600 கிராமுக்கு மேல் அரிசி உள்ளே போக வேண்டும். போனாலும் பயன் முழுசாகக் கிடைக்காது. புரதத்தைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் ஒன்பதை நம் உடலால் தேவையான அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. சாப்பாட்டில்தான் வர வேண்டும். அந்த ஒன்பதில் லைசின் ஒன்று. பெரியவர்கள் உண்ணும் புரதத்தில் கிராமுக்கு 45 மில்லிகிராம் லைசின் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அரிசிப் புரதத்தில் இருப்பது 38 அளவில்தான். ஒன்று குறைந்தால் மற்ற எட்டும் தாராளமாக இருந்தும் திசு கட்டும் வேலைக்கு முழுசாக உதவாது. மிஞ்சிய அமினோ அமிலங்களைச் சேமித்துவைக்க உடலில் இடமில்லை. அவற்றின் நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும்.

பருப்பில் நிலைமை தலைகீழ். லைசின் கிராமுக்கு 70-ஐ ஒட்டி இருக்கும், குறைவது அந்த ஒன்பதில் இன்னொன்றான மெத்தியோனின். அது அரிசியில் தேவைக்கு இருக்கிறது. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்று வேகாத எடையில் வைத்தால் இரண்டும் ஈடுகட்டிக்கொள்ளும். ஒரே தட்டில் கலந்தாக வேண்டும் என்றில்லை, ஒரே நாளுக்குள் வந்தால் போதும்.

55 கிலோ பெண்ணுக்கு ஒரு நாளைப் போட்டுப் பார்ப்போம். காலையில் நாலு இட்லி: நாலுக்கு ஒன்று உளுந்து போட்ட மாவென்றால் 60 கிராம் அரிசி, 15 கிராம் உளுந்து, ஆக 8 கிராம் புரதம். மதியம் 100 கிராம் அரிசிச் சோறு, 25 கிராம் பருப்புள்ள சாம்பார், 150 மில்லி தயிர்: 18 கிராமை ஒட்டி. சாயங்காலம் 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல்: 6. இரவு 80 கிராம் அரிசிச் சோறு, 25 கிராம் பாசிப்பருப்புக் கூட்டு, ஒரு தம்ளர் பால்: 17 அளவில். மொத்தம் 48, 49. பயறு வகைப் புரதம் முழுசாகச் செரிப்பதில்லை என்பதால் இந்தச் சிறு உபரி நல்லதே. சுண்டலையும் கூட்டையும் தூக்கிவிட்டால் 37-க்கு இறங்கிவிடும். ரசம், அப்பளம், பொரியலைக் கொண்டு அதை நிரப்ப முடியாது. தேங்காய்ச் சட்னியும் உதவாது. அதில் ஆளுக்கு 20 கிராம் பொட்டுக்கடலை சேர்த்து அரைத்தால் 4 கிராம் வரும். முளைகட்டிய பயறு என்றதும் பலர் புரதம் பெருகிவிட்டதாக நினைக்கிறார்கள். பெருகியது தண்ணீர், ஊறவைக்குமுன் இருந்த எடையே கணக்கு.

இனி வேகவைப்பது. பயறுகளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருட்கள் இருக்கின்றன. ஊறவைத்து நன்றாக வேகவைத்தால் பெரும்பகுதி போய்விடும். கொண்டைக்கடலையை எட்டு மணி நேரமாவது ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கினால் மாவாகும் வரை குக்கரில் வேகவையுங்கள். நடுவில் வெள்ளையாகக் கட்டி தட்டினால் இன்னும் வேக வேண்டும். எவ்வளவு வேகவைத்தும் நசுங்காவிட்டால் பழைய சரக்கு, அல்லது உப்புத் தண்ணீர். புளியை முன்னாடியே ஊற்றினாலும் பருப்பு மலராது; வெந்த பிறகே ஊற்றுங்கள். சீக்கிரம் வேக ஆப்பசோடா போடும் பழக்கம் வேண்டாம்: தயமின் என்கிற வைட்டமின் பி1 அழியும், லைசினிலும் கொஞ்சம் வீணாகும்.

ராஜ்மாவில் மட்டும் கூடுதல் கவனம். அதிலுள்ள லெக்டின் என்னும் நச்சுப்புரதம் அரைவேக்காட்டில் வாந்தி, பேதியைக் கிளப்பும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது பத்து நிமிடமாவது கொதித்தாக வேண்டும். குக்கரில் விசில் விட்டு வேகவைத்தால் இது தானாக நடந்துவிடும். கொதிநிலைக்குப் போகாமல் மெல்லச் சூடேற்றும் மின்சாரப் பாத்திரத்தில் நேரடியாகப் போட்டால் நச்சு அழியாமல் தங்கிவிடும், பயறு மெத்தென்று ஆகியிருந்தாலும்.